அண்ணன் கொண்டுவந்த பாட்டில்

போன மாதம் ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கு, ஓய்வு பெற்றவர்கள் சிலர் அனுபவம் சொல்ல வேண்டுமாம். என் முறை வருவதற்கு முன்னால் ஒரு பெண் புது இயந்திரத்தை இயக்கிக் காட்டினாள். சிறுநீரில் ஒரு பட்டையை முக்கினாள், இயந்திரத்தின் வாயில் கொடுத்தாள், அது கொஞ்சம் முனகிவிட்டு ஒரு சீட்டைத் துப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, இதெல்லாம் இல்லாத காலத்தில் பாவம் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டாள். கேள்வியில் தப்பில்லை. அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. மேடையில் பதில் சொல்லத் தொடங்கினேன், நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்துவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் வில்லியனூர்க்காரி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கடைத்தெருவில் அத்தாவுக்குக் கயிறும் வாளியும் அரிக்கேன் விளக்கும் விற்கிற கடை. நான் லேப் படிப்புக்குப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் வேலை என்றால்கூடச் சரி, ஊரார் மூத்திரத்தை மோந்து பார்க்கிற வேலைக்கா பெண்ணை அனுப்புவது என்று பெரியத்தா கேட்டார். உங்களுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது யாரோ ஒருத்தர் பார்த்துத்தானே மருந்து கொடுத்தார்கள் என்று அத்தா திருப்பிக் கேட்டார். பெரியத்தா டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படித்தேன், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சில வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக வேலை பார்த்தேன். எண்பதுகளில் பாகூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே லேப் என்றால் ஒரு சன்னல், ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, அப்புறம் நான்.

எங்கள் டாக்டர் லூர்துசாமியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்தவர். வயதான நோயாளிகள் அவரை 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை உயர்த்த மாட்டார். எல்லோருக்கும் 'வாங்க போங்க'தான். வராந்தாவில் ஏறி மருந்துச் சீட்டைத் தின்றுகொண்டிருந்த ஆட்டிடமே, கொஞ்சம் வெளியே போறீங்களா என்று கேட்டவர். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தால் கம்பவுண்டர் பின்வாசலைத் தேடுவார்.

சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு நாங்கள் செய்தது இதுதான். கண்ணாடிக் குழாயில் முக்கால் அளவு சிறுநீரை ஊற்றி, அடியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். புரதம் இருந்தால் முட்டையின் வெள்ளைக் கரு வேகிற மாதிரி மேலே வெண்மை கட்டும். அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் வெண்மை கரைந்தால் அது வெறும் உப்பு. கரையாமல் நின்றால் ஆல்புமின், அதாவது புரதம். எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் டாக்டர் ஒரு முறை வைத்திருந்தார். குழாய்க்குப் பின்னால் தினசரிப் பேப்பரைப் பிடிப்பார். பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒன்றுமில்லை. மங்கலாகத் தெரிந்தால் ஒரு பிளஸ். தலைப்பு மட்டும் தெரிந்தால் இரண்டு. எழுத்து போய்க் கருப்பு நிழல் மட்டும் நின்றால் மூன்று. பேப்பரே தெரியவில்லை என்றால் நாலு.

இதற்கு அவர் எப்போதும் எடுப்பது கல்யாண விளம்பரப் பக்கம். அதில்தான் எழுத்து ஒரே சீராகப் பொடியாக இருக்குமாம். யாரோ ஒரு கிழவரின் சிறுநீர் வழியாக, நல்ல குடும்பம், சொந்த வீடு, அரசு வேலை என்று மெதுவாக வாசித்துவிட்டு, ஆல்புமின் இல்லை என்று முடிப்பார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை நிறுத்தி, இது உங்க ஆளுங்க விளம்பரம் போலிருக்கு, வீட்டில் சொல்லிப் பாருங்க என்றார். அந்த மாப்பிள்ளையை எந்த வழியாகப் பார்த்தோம் என்று அத்தாவிடம் எப்படிச் சொல்வது?

சர்க்கரைக்கு வேறு குழாய். பெனடிக்ட் கரைசல் நல்ல நீலமாக இருக்கும். அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறி, நிறைய இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒரு உயிர் அந்த நிறத்தில்தான் தொங்கியது.

அஞ்சலாட்சி கரியமாணிக்கத்துப் பெண். முப்பது வயது ஆகவில்லை, ஒரு பெண் குழந்தை. அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பை அடிக்கிற நோய் அது. கன்னம் இரண்டிலும் சிவப்பு படர்ந்து, மூட்டெல்லாம் வலித்து, முடி கொட்டி, ஊரில் சிலர் பித்தம் என்றும் சிலர் செய்வினை என்றும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நோய் உள்ளே போய் இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டது. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் மாற்றுக் கிட்னி வைத்தார்கள். கொடுத்தவர் கூடப்பிறந்த அண்ணன் கலியபெருமாள். கரும்பு விவசாயி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

கிட்னி மாற்றினால் எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்தது. எங்கள் டாக்டர் அப்படி நினைக்கவில்லை. இனிமேல்தான் கவனம் என்று எனக்கு விளக்கினார். வேறொருவர் கிட்னியை உடம்பு ஏற்காமல் தள்ளப் பார்க்கும். அதை அடக்க மாத்திரை. அதோடு லூபஸ் எங்கேயும் போய்விடவில்லை, பழைய கிட்னியைத் தின்ற மாதிரி புதியதையும் தேடி வரலாம். இரண்டில் எது வந்தாலும் முதல் அடையாளம் சிறுநீரில் ஒழுகும் புரதம். சீக்கிரம் பிடித்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம், விட்டால் கிட்னி போனதுதான். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை காலையில் போகிற முதல் சிறுநீர் எங்களிடம் வர வேண்டும். வெயில் பட்டால் லூபஸ் கிளம்பும் என்பதால் அஞ்சலாட்சி அடிக்கடி அலையக்கூடாது. பாட்டிலைக் கொண்டுவரும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் வேறு யாரையும் தொட விடவில்லை. அந்தக் கிட்னி தங்கச்சி வயிற்றில் வாடகைக்கு இருப்பதாகவே அவருக்கு எண்ணம். அவள் வீட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து உப்புப் பார்ப்பார். அவள் வாசலில் நின்றால், எங் கிட்னி காயுது உள்ள போ என்பார். குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீர் எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டதற்கு, அதெல்லாம் ஏற்கெனவே உள்ளே வைத்துத் தைத்து அனுப்பியாகிவிட்டது என்று சொன்னவர். எங்கள் லேப் சன்னலுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். தங்கச்சிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எங் கிட்னி எப்படி இருக்குதும்மா?"

இருக்கிறது என்பேன். ஆல்புமின் லேசாக, கல்யாண விளம்பரம் மங்கலாகத் தெரிகிற அளவுக்குத்தான் இருந்தது. சர்க்கரைக் குழாய் மட்டும் வாராவாரம் மஞ்சளாகும். அவள் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை அது. முகம் வீங்கி வட்டமாவதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் அந்த மாத்திரையோடு கூடவே வரும். இதை நாங்கள் எதிர்பார்த்தே இருந்தோம்.

பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சுகாதார நிலையத்தில் இருந்த பாட்டில்களுக்கு மூடி சரியில்லை, சைக்கிளில் வந்தால் பாதி வழியில் ஊற்றிவிடும். கலியபெருமாள் யோசித்து, பிராந்தி குவார்ட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, அதில் கொண்டுவந்தார். மூடி அருமையாக இறுகும். லேபிள் மட்டும் முழுசாக உரியவில்லை. பிராந்தி பாட்டிலில் பிராந்தி நிறத்தில் ஒரு சரக்கு.

எங்கள் பக்கத்து நிலவரம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன சங்கடம் என்று புரியாது. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. கிழிந்த சேலையை விரித்துப் போட்ட மாதிரி, நடுநடுவே தென்னாற்காடு மாவட்டம். வட்டாரத்தை இங்கே கொம்யூன் என்பார்கள்; ஒரு கொம்யூனிலிருந்து இன்னொரு கொம்யூனுக்குச் சைக்கிள் மிதித்தால் வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். எங்கள் பக்கம் சரக்கு மலிவு. ஆகவே அங்கே ஒரு செக்போஸ்ட், மூங்கில் கழி, ஏட்டு.

முதல் நாளே பிடித்துவிட்டார்கள். பையில் என்ன என்று ஏட்டு கேட்டிருக்கிறார். தங்கச்சி மூத்திரம் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஏட்டு சர்வீஸில் எத்தனையோ பொய் கேட்டவர், இவ்வளவு துணிச்சலான பொய்யைக் கேட்டதில்லை. மூடியைத் திறந்து நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு கலியபெருமாளின் சைக்கிள் தூரத்தில் தெரிந்தாலே கழி தானாக மேலே போகும். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுவார். இந்தக் கதையைக் கலியபெருமாள் எங்கள் வராந்தாவில் அபிநயத்தோடு சொல்வார், பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு கார்த்திகை மாதம். வழக்கம்போலப் பாட்டில் வந்தது. ஆல்புமின் குழாயைச் சூடு காட்டினேன், வெண்மை துளிகூட இல்லை. சர்க்கரைக் குழாயைக் காய்ச்சினேன். நீலம். மயில் கழுத்து மாதிரி அப்படியே நின்றது. மாதக்கணக்கில் மஞ்சளையே பார்த்த எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சன்னல் வழியாகக் கலியபெருமாளிடம், உங்க கிட்னி முதல் வகுப்பில் பாஸ் என்றேன். மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நின்றார். தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஆல்புமின் குழாய்க்குப் பின்னால் பேப்பரைப் பிடித்து ஒரு பத்தி முழுக்க வாசித்தார். பிறகு நீலக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப மேசையில் வைத்துவிட்டார். அடுத்த வாரமும் அதே நீலம். மூன்றாவது வாரமும் நீலம் வந்ததும், மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த நீலம் எனக்குப் புடிக்கலைங்க."

நல்ல ரிசல்ட் வந்தால் வருத்தப்படுகிற டாக்டரை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரையை விழுங்குகிற வரை இந்த அளவுக்குச் சுத்தமாகச் சர்க்கரை மறைய நியாயமில்லை. மறைந்துவிட்டது என்றால் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் கிட்னியை உடம்பு தள்ளிவிடும். முகம் வட்டமாகி, உதட்டுக்கு மேலே பூனை மயிர் வளர்ந்து, ஊர்ப் பெண்கள் கேலி பேசி, எத்தனையோ பேர் இப்படி ரகசியமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றார். எனக்குக் குளிர்ந்த மனசு அப்படியே சில்லிட்டது.

கலியபெருமாளைக் கூப்பிட்டுக் கேட்டார். வேளை தவறாமல் என் கண்ணெதிரே விழுங்குகிறாள் என்று அவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். டாக்டர் அவரைப் பார்த்து, தயவுசெய்து நாளைக்கு உங்க தங்கச்சியை நேரில் கூட்டிக்கிட்டு வாங்க என்றார். கம்பவுண்டர் எழுந்து பின்பக்கம் போனார்.

மறுநாள் மாட்டுவண்டியில், குடையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி வந்தாள். இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. டாக்டர் குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, எழவே இல்லை. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டதும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசை மேல் பரப்பினாள். சரியாகத்தான் குறைந்திருந்தது. ரிசல்ட் நல்லாயிருக்குதுன்னு அண்ணன் சொன்னதால கொஞ்சம் கருவாடு மட்டும் சாப்பிட்டேன் என்று சேர்த்துச் சொன்னாள்.

டாக்டர் என்னிடம் ஒரு சுத்தமான பாட்டிலைக் கொடுத்து, கூடவே போய், இங்கேயே, இப்பவே வாங்கிட்டு வாங்க என்றார். வாங்கி வந்து சூடு காட்டினேன். விளக்குக்கு மேலே பிடித்த உடனேயே குழாயின் மேல் பாதி தயிர் மாதிரி உறைந்துவிட்டது. அமிலம் விட்டும் அசையவில்லை. டாக்டர் பேப்பரைப் பிடித்தார். கல்யாண விளம்பரமும் இல்லை, தலைப்பும் இல்லை, பேப்பரும் இல்லை. சர்க்கரைக் குழாயைக் காய்ச்சினேன், பழைய மஞ்சள்.

இரண்டு பேரும் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படியென்றால் மூன்று வாரம் நான் பார்த்த அந்த நீலம் யாருடையது?

வராந்தாவில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த கலியபெருமாளை டாக்டர் உள்ளே அழைத்தார். கதவைச் சாத்தினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு மரியாதையைத் தாங்க முடியாமல் அந்த மனுஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பழைய ஏட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் தெற்கேயிருந்து வந்த இளைஞர், விறைப்பானவர், எதையும் நம்பாதவர். மூத்திரம் என்று சொன்னால் மோந்து பார்க்க மாட்டார், பறிமுதல் செய்வார். பாட்டிலை அரக்கு வைத்து மூடி, சந்தேகத்துக்குரிய திரவம் என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். கலியபெருமாள் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து யோசித்திருக்கிறார். திரும்பப் போய் வேறு பாட்டிலோடு வந்தாலும் இதே கதைதான். வராமல் இருந்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார். கரும்புக் காட்டு ஓரம் ஒதுங்கினார். டீக்கடையில் ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் வாங்கிக் கழுவினார். அவரே நிரப்பினார். அடுத்த இரண்டு வாரமும் அதே வேலைதான்.

"ஜோடியில ஒண்ணுதான சார் அங்க இருக்குது. இன்னொண்ணு எங்கிட்ட. ஒரே ஒடம்புல வளந்தது. அது எப்படி இருக்குமோ இதுவும் அப்படித்தான இருக்கும்னு..."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த நிமிஷம் கலியபெருமாளை நாலு வார்த்தை நாறக் கேட்டிருப்பேன், கேட்க நேரமில்லை. அன்றைக்கே மெட்ராஸ் போக வேண்டும்.

சுகாதார நிலையத்து ஜீப்பை எடுத்தார்கள். துணிமணி எடுக்கவும் அவள் புருஷனை ஏற்றிக்கொள்ளவும் முதலில் கரியமாணிக்கம். பெண் துணைக்கு நானும் ஏறினேன். செக்போஸ்ட்டில் கழி குறுக்கே விழுந்தது. புது ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முன் சீட்டில் டாக்டர் மடியில், மெட்ராஸுக்கு எடுத்துப்போகும் சிறுநீர்ப் பாட்டில். பின்னால் கலியபெருமாள். ஏட்டுக்கு ஒரு பெரிய கும்பலையே பிடித்துவிட்ட மகிழ்ச்சி. டாக்டர் இறங்கினார். தயவுசெய்து என்று ஆரம்பித்து, அஞ்சலாட்சியின் காலைக் காட்டி, கிட்னி என்றால் என்ன, அது என்ன செய்யும், அதிலிருந்து என்ன வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொல்லி முடித்தார். ஏட்டு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அரக்கு வைத்த அந்தப் பழைய பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். இது கோர்ட்டுக்குப் போக வேண்டியது, இப்போது என்ன செய்வது என்று கேட்டார். கோர்ட்டுக்கே அனுப்புங்க, யாராவது தெறந்து பார்ப்பாங்க இல்ல என்றார் டாக்டர். கழி மேலே போயிற்று. அவ்வளவு கவலையிலும் அஞ்சலாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மெட்ராஸில் கிட்னியில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியைத் தள்ளவில்லை. லூபஸ்தான். பழைய நோய் புது கிட்னியின் விலாசத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டது. நாள் கணக்கில் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள், வேறு மாத்திரைகளைக் கூட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். எங்களுக்குத் தகவல் வருகிற வரைக்கும் டாக்டர் கல்யாண விளம்பரத்தைச் சத்தம் போட்டு வாசிக்கவில்லை, வெறுமனே பிளஸ் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுக்காகக் கேட்டேன். அவளுக்காக மாரியம்மன் கோயிலில் கம்பவுண்டர் தேங்காய் உடைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிட்னி பிழைத்தது. முழுசாக இல்லை, முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்த பிறகு ஊர் திரும்பினாள். எங்களிடம் வந்த முதல் நாள், பாட்டிலை அவளே கொண்டுவந்தாள். இந்தத் தடவை உள்ளே இருப்பது தெரியும்படி வெள்ளைக் கண்ணாடி பாட்டில். கூடவே அண்ணன் வந்தார். குழாயில் தலைப்பு எழுத்து தெரிந்தது, இரண்டு பிளஸ். பரவாயில்லை, இறங்குகிறது என்றேன். வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள். கலியபெருமாளால் சும்மா இருக்க முடியவில்லை. தன் உடம்பில் இருந்தவரை அந்தக் கிட்னிக்கு ஒரு நோவும் இல்லை என்றும், நல்லபடியாக வளர்த்துக் கொடுத்ததை இவள் கெடுத்துக்கொண்டாள் என்றும் எல்லோரையும் சாட்சி வைத்துப் பேசினார். வழக்கம்போலச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சி குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணா, கெட்டதும் என்னுது, ஊசி குத்திக்கினு காப்பாத்துனதும் நான். இனிமே அது என்னுது. எங் கிட்னி எங் கிட்னின்னு நீ கேக்குறியே தவிர, இத்தினி மாசத்துல ஒரு நாளாவது நீ எப்பிடி இருக்கிற அஞ்சலன்னு கேட்டியா? எனக்கு அந்தக் கிட்னிக்குச் சொந்தக்காரன் வேணாம். எங்க அண்ணன் இருந்தா போதும்."

சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே போய்விட்டாள். கலியபெருமாள் சன்னலண்டை நின்றார். அந்தப் பெரிய குரலைக் காணோம். நான் குழாய்களைக் கழுவுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவர் சன்னல் கம்பியண்டை குனிந்து மெதுவாகப் பேசினார்.

"ஒரு வாரம் பண்ணது ஏட்டுக்குப் பயந்துதாம்மா. மத்த ரெண்டு வாரம் அது இல்ல. மொத வாரம் நீ 'பாஸ்'னு சொன்ன பாரு, அது என்னுது. அத வெட்டிக் குடுத்ததுலேருந்து இடுப்புல இழுத்துப் பிடிச்சிக்கினே இருக்குது. ஒண்ணுதான இருக்குது, அதுவும் பூட்டா இன்னா பண்றதுன்னு பயம். யாராண்ட கேக்கறது? கேட்டா தங்கச்சிக்குத் தெரிஞ்சிடும், அவ மனசு ஒடிஞ்சிடும். நீ நல்லாருக்குதுன்னு சொல்லச் சொல்ல, எனக்கு அன்னிக்கு ஒரு நாள் தூக்கம் வரும்."

கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன். மெட்ராஸிலும் சரி, எங்களிடமும் சரி, கொடுத்த கிட்னியைத்தான் எல்லோரும் வாராவாரம் விசாரித்தோம். கொடுத்தவனை ஒருவரும் விசாரிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்தச் சன்னலண்டைதான் எனக்கு உறைத்தது. டாக்டர் எப்போது வந்து என் பின்னால் நின்றாரோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கலியபெருமாளை உள்ளே கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, தழும்பைத் தொட்டுப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். தழும்பு இழுப்பது சதைப்பிடிப்புதான், கிட்னிக்கு அதில் சம்பந்தமில்லை என்று நிதானமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, இவர் பேர்லயே தனியா ஒரு பாட்டில் குடுங்க, மாசா மாசம் பார்த்துடுவோம் என்றார்.

அந்த மாதம் கடைசியில் அஞ்சலாட்சி மட்டும் வந்தாள். பையில் இரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அண்ணனுக்கு அன்றைக்குக் கரும்பு வெட்டாம். நான் இரண்டையும் காய்ச்சி முடிக்கிற வரைக்கும் அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குழாயில் ஒரு பிளஸ்தான், நன்றாக இறங்கியிருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணனுது எப்பிடிக்கா இருக்குது?"

நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தன்னுடையது எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்தே போய்விட்டாள், வண்டி ஏறப்போனவளை நான்தான் ஓடிப்போய் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.